ஆங்கிலம் படித்தால் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது. நடத்தியவர்கள் அமெரிக்க மிஷனரிமார். மூடியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை இன்று கேட்டால் சிரிப்பு வரும்: பொடியன்கள் ஆங்கிலத்தைத் தேவைக்கு மேல் நன்றாகப் படித்துவிட்டார்கள். போதகர்களாக ஊர் ஊராகப் போவார்கள் என்று எதிர்பார்த்த பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கும் கொழும்புக்கும் இந்தியாவுக்கும் உத்தியோகம் பார்க்கப் போனார்கள். தலைமைச் சபையிலிருந்து பார்வையிட வந்த ரூஃபஸ் அண்டர்சனுக்கு இது பிடிக்கவில்லை. ஊர்மொழியில் படிப்பித்தாலே போதும் என்று முடிவானது.

இதே கதை மானிப்பாயிலும் நடந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். அப்படிப் படித்து வந்தவர்கள் அரசாங்க வேலையும் பட்டணமும் தேடிப் போவதைக் கண்டு தமிழுக்கு மாறினார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ என்று தமிழில் மருத்துவ, விஞ்ஞானப் புத்தகங்கள் வந்தது அதன் பலன். கிராமத்துக்கு வைத்தியர் வேண்டும் என்றால் தமிழில் படிப்பிக்க வேண்டும், ஆங்கிலத்தில் படிப்பித்தால் ஆள் நிற்காது என்பது அவர் கண்ட அனுபவம்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் வாய்ப்பைத் திறக்கும் என்பதை யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இருநூறு வருடமாக அது திறந்தபடியேதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு எப்போதும் வெளிப்பக்கமாகவே திறந்தது. அது இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. நாங்கள் ஆங்கிலம் படிக்கிற முறைதான் இன்னும் மாறவில்லை.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் ஒன்றே ஒரு தொழில். பிரித்தானியர் மலாயாவில் ரயில்பாதை போட்டபோதும் அலுவலகங்களைத் திறந்தபோதும் கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் கிளாக்கராக, ஸ்டேஷன் மாஸ்டராகக் கப்பல் ஏறினார்கள். ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து பெரிய வீடு கட்டியிருந்தவர்களை ‘மலாயன் பென்சனியர்’ என்று ஊர் அழைத்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்ற பழமொழி சும்மா வந்ததல்ல. தண்ணீர் குறைந்த, வற்றாத ஆறு இல்லாத ஒரு குடாநாட்டில் தோட்டத்தை நம்பியிருந்த குடும்பத்துக்கு, மாதச் சம்பளமும் பென்சனும் தரும் ஒரே சாமான் ஆங்கிலம். அதனால்தான் மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் போட்டியாகச் சைவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடங்களிலும் ஆங்கிலம் இருந்தது. சைவ மறுமலர்ச்சிக்கு நின்ற ஆறுமுக நாவலரே 1872இல் ஒரு சைவ ஆங்கிலப் பாடசாலையை நடத்திப் பார்த்தார். மதம் மாறாமல் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பதுதான் ஊரின் கோரிக்கையாக இருந்தது, ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல.

ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்குச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளையை ஞாபகப்படுத்தலாம். வட்டுக்கோட்டையில் ஆங்கிலம் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவராக வந்தவர். உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏடுகளைத் தேடி, வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். ஏட்டில் கிடந்ததை ஒப்பிட்டுப் பார்த்துப் பதிப்பிக்கும் வேலைக்கு அவர் படித்த படிப்பு குறுக்கே நிற்கவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். இலவசக் கல்வி வந்தது, தாய்மொழியில் படிப்பு வந்தது, இரண்டும் நல்லவை. ஏழைப் பிள்ளை பல்கலைக்கழகம் வரை போனது அதனால்தான். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஆங்கிலத்தை நம்பி அரச சேவையில் இருந்த தமிழருக்குக் காலடி ஆட்டம் கண்டது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளில் தரப்படுத்தல், எண்பதுகளில் போர். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஆசிரியர்களில் ஒரு பெரிய பகுதி கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனது. ஒரு ஊரில் நல்ல ஆங்கில ரீச்சர் ஒருவர் போனால் பத்துப் பதினைந்து வருடத்துப் பிள்ளைகள் அடிபடுவார்கள். அந்த இடைவெளி தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் இன்றும் தெரிகிறது. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களை மட்டும் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ஆங்கிலம் வரும் என்று சொல்கிறவர்கள் தீவகத்துக் குறிகட்டுவானுக்கு ஒருக்கால் போய் வரலாம்.

சரி, இன்றைக்கு ஆங்கிலம் எங்கே உண்மையில் வித்தியாசம் செய்கிறது?

முதல் இடம் கம்பஸ். வேறு எதையும்விட இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் உயர்தரம் வரை தமிழில் படிக்கிறார்கள். பௌதிகவியலில் ஆர்முடுகலும் உந்தமும், உயிரியலில் இழைமணியும் ஒளித்தொகுப்பும் என்று எல்லாம் தமிழில். மூன்று ஏ எடுத்து மாவட்டத்தில் இடம் பிடித்த பிள்ளை மருத்துவ பீடத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியல் பீடத்துக்கோ போகிறது. அங்கே விரிவுரை, புத்தகம், வினாத்தாள் எல்லாம் ஆங்கிலத்தில். நேற்று வரை வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை இன்று கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு ஸ்லைடைப் பார்த்து எழுதுகிறது. விரிவுரையாளர் கேள்வி கேட்டால் விடை தெரியும், வாய் வராது. பக்கத்தில் இருப்பவர் ஆங்கில மொழிமூலம் படித்து வந்தவராக இருந்தால் அவர் அரைகுறையாகத் தெரிந்த விடையைத் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

இதைப் புத்திக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி அப்படி நினைக்கத் தொடங்குகிறது. முதல் வருடத்தில் வரும் சறுக்கல்களில் ஒரு பங்கு பாடத்தால் வருவதல்ல, பாடம் வந்து சேரும் மொழியால் வருவது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்துக்கு ஆங்கில வகுப்பு இருக்கிறது. ஆனால் பாடங்களின் பாரத்துக்கு நடுவில் அது ஒரு ஓரத்தில் நிற்கும். உயிரிரசாயனம் மறுநாள் பரீட்சை என்றால் ஆங்கில வகுப்புக்கு யார் போவார்கள்?

உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் இருப்பது உண்மை. அது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளியில் சேராது. சேராத பாடத்துக்கு யாழ்ப்பாணத்தில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு வருடமும் காலை ஐந்து மணி ரியூசன், பள்ளிக்கூடம், பின்னேர ரியூசன், இரவில் பேப்பர் கிளாஸ். ஆங்கிலக் கொப்பியைத் திறக்க நேரமில்லை. பிறகு கம்பஸில் எல்லாம் ஆங்கிலம். இரண்டு வருடம் கைவிட்ட மொழி, மூன்றாவது வருடம் ஒரே நாளில் தேவைப்படுகிறது.

ஆங்கில மொழிமூலம் 2001இல் உயர்தரத்துக்கும் 2002இல் தரம் 6இலிருந்தும் மீண்டும் கொண்டுவரப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சில பெரிய பாடசாலைகளில் நடக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் அதில் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆங்கிலத்தில் தடுமாறும் ஆசிரியர் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படிப்பித்தால் பிள்ளைக்கு இரண்டும் வராது. தாய்மொழியில் விஷயம் விளங்கிய பிள்ளைக்கு ஆங்கிலத்துக்கு மாறுவது சில மாதத்து வேலை. விஷயமே விளங்காத பிள்ளைக்கு எந்த மொழியிலும் கஷ்டம்தான்.

இரண்டாவது இடம் தொழில். ஏ9 பாதை திறந்து, 2014இல் ரயில் திரும்பி வந்து, அதி வேக இணையமும் வந்த பிறகு, யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே கொழும்புக்கும் லண்டனுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் முளைத்திருக்கின்றன. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் இளைஞரைப் போட்டிகளுக்கும் தொழில் தொடங்கவும் தூண்டுகின்றன. இங்கேதான் நான் மேலே சொன்ன மாற்றம் தெரிகிறது. சம்பளம் வெளியிலிருந்து வருகிறது, ஆள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிறார். கிறீன் வைத்தியர் கண்ட பிரச்சினைக்கு முதன்முறையாக ஒரு மாற்று வழி தெரிகிறது: ஆங்கிலம் தெரிந்தவர் ஊரிலேயே நிற்கலாம்.

ஆனால் இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆங்கிலம் வேண்டும் என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியனுக்கு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு செய்தி வருகிறது: பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை, எப்போது சரியாகும்? பொடியனுக்குப் பிழை எங்கே என்று தெரியும். ஆனால் ‘ஓகே சேர்’ என்று பதில் அனுப்பிவிட்டு வேலையில் இறங்குகிறான். அரை நாளில் சரி செய்தும் விடுகிறான். அந்த அரை நாளும் வாடிக்கையாளர் ஒன்றும் தெரியாமல் இருந்து, கோபத்தில் மேலாளரைக் கூப்பிடுகிறார். இங்கே தேவைப்பட்டது மூன்று வசனம்: பிழை இன்னது, காரணம் இன்னது என்று நினைக்கிறோம், இத்தனை மணிக்குள் மறுபடி சொல்கிறோம். சேக்ஸ்பியரும் வேண்டாம், கடினமான சொற்களும் வேண்டாம். அந்த மூன்று வசனத்தை எழுதத் தெரிந்தவர் இரண்டு வருடத்தில் குழுவை நடத்துவார். தெரியாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மூலையில் இருந்து கோட் எழுதிக்கொண்டிருப்பார்.

இந்தக் காலத்தில் ஏ.ஐ. இருக்கிறதே, அது எழுதித் தராதா என்று கேட்கலாம். தரும். மின்னஞ்சல் அழகாக வரும். அடுத்த நாள் வீடியோ அழைப்பில் அதே வாடிக்கையாளர் அந்த மின்னஞ்சலைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். அங்கே மாட்டிக்கொள்வது எப்படி என்று நிறையப் பேருக்குத் தெரியும். இன்னொன்று, இயந்திரம் எழுதித் தந்தது நீங்கள் சொல்ல வந்ததுதானா என்று பார்க்கவும் மொழி தெரிய வேண்டும்.

கணக்கியல் பக்கமும் இதேதான். சிமா, ஏ.சி.சி.ஏ. போன்ற பிரித்தானியத் தகைமைகள் ஆங்கிலத்தில் மட்டும். கணக்கில் புலியாக இருக்கும் எங்கள் வணிகப் பிரிவுப் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் தலை வைக்காததற்கு, காசு ஒரு காரணம், வினா விளங்காது என்ற பயம் இன்னொன்று. சுற்றுலாவில் வாய்ப்பு இருக்கிறது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகு எதிர்பார்ப்பும் கூடியது. ஆனால் வருகிறவர்களில் பெரும் பங்கு தென்னிலங்கைச் சிங்களவரும் புலம்பெயர் தமிழரும்தான். அங்கே ஆங்கிலத்தைவிடச் சிங்களம் உதவும் நாட்களே அதிகம்.

சிங்களம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 2007 முதல் அரச சேவையில் சேருபவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும். ஆகவே அரச வேலைதான் குறி என்றால், ஆங்கிலத்தில் போடும் முழு உழைப்பும் அங்கே பலிக்காது. கொழும்பில் தனியார் நிறுவனத்துக்குப் போகிறவருக்கு நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும், மதியச் சாப்பாட்டு மேசை சிங்களத்தில் இருக்கும்.

மூன்றாவது இடம் வெளிநாடு. ஒழுங்கைக்கு ஒழுங்கை ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு விளம்பரம் ஒட்டியிருப்பது இதற்காகத்தான். இந்தப் பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. 9 வரை புள்ளி. பேசும் பகுதி 11 முதல் 14 நிமிடம், பரீட்சகரோடு நேருக்கு நேர். பெறுபேறு பொதுவாக இரண்டு வருடம் வரைதான் செல்லும். அதனால் விண்ணப்பம் எப்போது என்று தெரியாமல் முந்திக்கொண்டு எழுதுவது காசைக் கரைப்பது. எங்கள் ஆட்கள் விழும் பகுதி பெரும்பாலும் எழுதுதல். மனப்பாடம் செய்த கட்டுரையைத் தலைப்பை மாற்றி ஒப்புவித்தால் பரீட்சகருக்குத் தெரியாதா என்ன.

கலியாணம் கட்டிப் பிரித்தானியா போகிறவர்களுக்குத் தேவை இதைவிடக் குறைவு: பேச்சிலும் கேட்டலிலும் ஏ1 என்ற ஆரம்ப நிலை. நிரந்தர வதிவிடத்துக்கு வரும்போது அது உயரும். ஜேர்மனிக்குக் கட்டிப் போகிறவருக்குப் பொதுவாகக் கேட்பது ஜேர்மன் ஏ1. அங்கே உங்கள் ஆங்கிலப் புள்ளியை யாரும் பார்க்க மாட்டார்கள். சுவிஸ், பிரான்ஸ் போன்ற இடங்களில் எங்கள் சனம் இலட்சக்கணக்கில் வாழ்வதே வேறு மொழிகளில். ‘வெளிநாட்டுக்கு ஆங்கிலம்’ என்று மொத்தமாகச் சொல்லி வகுப்பில் சேர்த்துவிடுகிற பெற்றோர், எந்த நாடு, எந்த விசா என்று முதலில் கேட்க வேண்டும். ஏஜென்சிக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல், அந்த நாட்டு அரச இணையத்தளத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. அதை வாசிக்கவும் ஆங்கிலம் வேண்டும் என்பது வேறு கதை.

இவ்வளவு தேவை இருந்தும் ஏன் வருகுதில்லை? நேரம் போதாது என்பது சரியான பதில் அல்ல. பள்ளிக்கூடத்தில் தரம் 3 முதல் 11 வரை ஒன்பது வருடம் ஆங்கிலம் ஒரு பாடம். வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம், வருடத்துக்கு முப்பது வாரம் என்று குறைத்துப் பிடித்தாலும் 540 மணித்தியாலம். ஆரம்பத்திலிருந்து தொடங்கும் ஒருவர் பி2 நிலைக்கு, அதாவது வேலைத்தளத்தில் சமாளிக்கும் நிலைக்கு வர, வழிகாட்டலோடு 500 முதல் 600 மணித்தியாலம் தேவை என்பது கேம்பிரிட்ஜ் தரும் பொதுக் கணக்கு. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த நேரத்தைச் செலவழித்துவிட்டு ‘மை நேம் இஸ்’ என்பதோடு நிற்கிறார்கள்.

காரணம், அந்த நேரம் போனது வேறு வேலைக்கு. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எழுத்துத் தாள்கள்தான். பேசியதற்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாததை ரியூசனில் சொல்லித்தர மாட்டார்கள், கேட்கப் பெற்றோரும் விட மாட்டார்கள். கடந்தகால வினாத்தாளை எடுத்து, இடைவெளி நிரப்பி, கடிதத்தைப் பாடமாக்கி, ஏ எடுத்துவிடலாம். நூற்றைம்பது பேர் கொட்டகையில் இருந்து மைக்கில் கேட்கும் வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறந்து ஒரு வசனம் பேச எப்போது முறை வரும்?

வாய் திறந்தால் இன்னொரு தொல்லை. பிழையாகச் சொன்னால் பகிடி. சரியாகச் சொன்னால் ‘எடுப்பு காட்டுறான்’. இரண்டுக்கும் நடுவில் பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று பிள்ளை படித்துக்கொள்கிறது. பெட்டைப் பிள்ளைகளுக்கு இது இரட்டிப்பு. கொழும்புப் பிள்ளை பிழையோடு சரளமாகக் கதைக்கிறது, எங்கள் பிள்ளை இலக்கணம் சரியாகத் தெரிந்தும் மௌனமாக இருக்கிறது. நேர்முகத் தேர்வில் வேலை யாருக்குப் போகும்? ஆங்கிலத்தை ஒரு வாழ்க்கைத் திறனாகப் பயமில்லாமல் பேச வைக்க வேண்டும் என்று 2009இல் அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்கி, அந்த வருடத்தை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டு என்றது. நோக்கம் சரிதான். பரீட்சைத் தாள் மாறாமல் வகுப்பறை மாறாது.

பரீட்சையை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. எங்கள் கையில் இருப்பது ஒரு காலம், அதை நாங்கள் சும்மா விடுகிறோம்: உயர்தரம் எழுதி முடித்ததிலிருந்து கம்பஸ் தொடங்கும் வரை உள்ள நாட்கள். பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, அனுமதி வந்து சேர ஒரு வருடம் கூட ஆகலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ரியூசன் இல்லாத காலம். கெட்டிக்காரப் பிள்ளைகள் சின்ன வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்துக் கைச்செலவுக்குக் காசு பார்ப்பார்கள், மற்றவர்கள் போனில் இருப்பார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் மூன்று மாதக் கோர்ஸில் சேருகிறவர்களும் உண்டு. சந்தையில் மரக்கறி வாங்குவது எப்படி என்று ஆங்கிலத்தில் நடித்துக் காட்டிவிட்டு வருவார்கள். திருநெல்வேலிச் சந்தையில் ஆங்கிலத்தில் கத்தரிக்காய் வாங்கிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

அதைவிட, தனக்குத் தமிழில் தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த ஒரு பாடத்தை எடுத்து, அதே அலகை ஆங்கிலப் புத்தகத்தில் வாசிப்பது நல்ல பலன் தரும். உயிரியல் பிள்ளைக்கு இதயம் எப்படி வேலை செய்கிறது என்று ஏற்கனவே தெரியும். ஆகவே ஆங்கிலப் பக்கத்தில் பாதிச் சொல் தெரியாவிட்டாலும் படத்தையும் விஷயத்தையும் வைத்து ஊகிக்கலாம். அரசாங்கம் பாடநூல்களை ஆங்கில மொழிமூலத்துக்கும் அச்சிடுகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அவற்றை இலவசமாக இறக்கலாம். தமிழ்ப் புத்தகமும் அதே பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டது என்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். தரம் 10 விஞ்ஞானத்தில் தொடங்கினால் சுலபம். ஒரு அலகு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதைச் சத்தமாக ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த வேண்டும். கேட்க ஒரு சிநேகிதர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போனில் பதிந்து தானே கேட்கலாம். முதல் கிழமை கேட்கச் சகிக்காது.

இதற்கு ரியூசன் காசு தேவையில்லை. ஏற்கனவே கம்பஸில் படிக்கிற அண்ணா, அக்கா யாராவது முதல் வருட நோட்ஸைத் தந்தால் அடுத்த படிக்கும் போகலாம். அவர்கள் பெரும்பாலும் சந்தோசமாகத் தருவார்கள். தங்களுக்கு அப்போது யாரும் தரவில்லை என்று சொல்லிக்கொண்டே.